விஷ வாயு புற்றுநோய் மருந்தானது எப்படி? வேதிவினையின் வேகத்தைக் குறைத்த கதை

'மெல்ஃபலான்' என்று ஒரு மருந்து. மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்வதற்கு முன்னால், பெரிய அளவில் நரம்பு வழியாக ஏற்றப்படுவது. இதன் பழைய வகை ஊசி மருந்தில் ஒரு கறாரான நிபந்தனை உண்டு. குப்பியில் இருக்கும் பொடியைக் கரைத்த நொடியிலிருந்து 60 நிமிடங்களுக்குள் கடைசிச் சொட்டுவரை நோயாளியின் உடலுக்குள் போய்விட வேண்டும். "டாக்டர் ரவுண்ட்ஸ் முடியட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

கிருமி புகுந்துவிடும் என்பதற்காகச் சொல்லப்படும் கெடு அல்ல இது. கரைந்த மருந்து தண்ணீரோடே வினைபுரிந்து தன்னைத்தானே செலவழித்துக்கொண்டிருக்கும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் குப்பியில் மருந்து குறைகிறது.

ஆனால், இந்த மருந்தின் பூர்வீகத்தைத் தெரிந்தவர்களுக்கு ஆச்சரியம் வேறு. ஒரு மணி நேரம் தாங்குகிறதே என்பதுதான் அது. ஏனென்றால், இதன் பாட்டன் முதல் உலகப் போரில் வீசப்பட்ட மஸ்டர்டு வாயு. அது தண்ணீரில் கரைந்தால், 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தே நிமிடத்தில் பாதி காலி. நிமிடக் கணக்கை மணிக் கணக்காக மாற்றியதில்தான் ஒரு விஷம் மருந்தானது. அந்த மாற்றத்துக்கு அடிப்படை, ஒரு மூலக்கூறின் எந்த நிலையை 'நிலைப்படுத்தினால்' வினையின் வேகம் கூடும், எந்த நிலையை நிலைப்படுத்தினால் குறையும் என்ற கேள்வி.

கடுகும் இல்லை, வாயுவும் இல்லை

1917 ஜூலை 12 இரவு, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியப் படை முதன்முதலாக இந்தப் பொருளைக் குண்டுகளில் அடைத்து வீசியது. பெயர்தான் மஸ்டர்டு வாயு. கடுகுக்கும் இதற்கும் வாசனையைத் தவிர உறவில்லை. சாதாரண வெப்பநிலையில் இது எண்ணெய் போன்ற திரவம். தோலில் பட்டவுடன் எரியாது, வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் கொப்புளங்கள் கிளம்பும், கண் வீங்கி மூடிக்கொள்ளும். அதற்குள் மூலக்கூறு தன் வேலையை எப்போதோ முடித்திருக்கும். வினை முடிவது நிமிடங்களில். விளைவு தெரிவது மணிகளில்.

இதன் அமைப்பு ரொம்ப எளிது. நடுவில் ஒரு கந்தக அணு. அதன் இரு பக்கமும் இரண்டு கார்பன் நீளத்துக்கு ஒரு கை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு குளோரின். அவ்வளவுதான். கந்தகத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு கார்பனை வைத்தால், தண்ணீரில் போட்டாலும் அசையாத ஒரு சாதுவான சேர்மம் கிடைக்கும். குளோரின் அதே இடத்தில்தான் இருக்கும், கையின் நீளமும் அதேதான். மாறியது ஓர் அணு மட்டும்.

கந்தகம் அப்படி என்ன செய்கிறது? அதனிடம் பிணைப்பில் மாட்டாத எலக்ட்ரான் ஜோடிகள் இருக்கின்றன. பாடநூல் மொழியில் 'தனித்த இரட்டை எலக்ட்ரான்கள்'. கையின் நுனியிலிருந்து குளோரின் கிளம்பத் தொடங்கும்போது, கந்தகம் பின்பக்கமாக வந்து அந்த எலக்ட்ரான்களால் கார்பனைப் பிடித்துக்கொள்கிறது. கந்தகமும் இரண்டு கார்பன்களும் சேர்ந்து மூன்று முனை கொண்ட ஒரு சின்ன வளையம் உண்டாகிறது. அந்த வளையத்தின் மேல் நேர்மின் சுமை. குளோரைடு அயனி தண்ணீருக்குள் போய்விடுகிறது.

மூன்று முனை வளையம் இறுக்கமானது. கார்பனின் பிணைப்புகள் விரும்பும் கோணம் சுமார் 109 டிகிரி. இங்கே கிடைப்பது 60தான். வளைத்துப் பிடித்த பிரம்பு போல விறைத்து நிற்கும். பக்கத்தில் எலக்ட்ரான் வளமுள்ள எது வந்தாலும் சடாரென்று திறந்து அதைப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் வந்தால் தண்ணீரை. புரதம் வந்தால் புரதத்தை. டிஎன்ஏவின் குவானின் வந்தால் அதை. மூலக்கூறுக்கு இரண்டு கைகள் இருப்பதால், டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் குறுக்கே தைத்துவிடவும் முடிகிறது. தைக்கப்பட்ட இழைகளைப் பிரிக்க முடியாமல், பிரிந்து பெருகும் நேரத்தில் செல் செத்துப்போகிறது.

கந்தகத்துக்குப் பதில் ஆக்ஸிஜனை வைத்தால்? ஆக்ஸிஜனிடமும் தனித்த எலக்ட்ரான்கள் உண்டு. ஆனால், அது அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறது, பக்கத்து வீட்டுக்கு அவ்வளவு சுலபமாக நீட்டாது. கந்தகத்தின் எலக்ட்ரான்கள் கருவிலிருந்து தள்ளி, மூன்றாம் கூட்டில், தளர்வாக இருக்கின்றன. ஒரே ஒரு கை மட்டும் உள்ள இரண்டு சேர்மங்களை, ஒன்றில் கந்தகமும் மற்றதில் ஆக்ஸிஜனும் வைத்து, தண்ணீர் கலந்த கரைப்பானில் ஒப்பிட்டால், கந்தகச் சேர்மம் சுமார் 10,000 மடங்கு வேகமாக வினைபுரிகிறது.

மலை உச்சியா, அடிவாரமா?

பத்தாயிரம் மடங்கு என்றதும் இரண்டுக்கும் இடையே ஏதோ பிரம்மாண்டமான ஆற்றல் வித்தியாசம் இருக்கும் என்று தோன்றும். உண்மையில் அது ஒரு மோலுக்கு ஐந்தரை கிலோகலோரிதான். தண்ணீர் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் அளவு.

எந்த வேதிவினையும் ஒரு மலையைத் தாண்டுவது போன்றது. இந்தப் பக்க அடிவாரத்தில் தொடக்கப் பொருள், அந்தப் பக்கம் விளைபொருள், நடுவே உச்சி. உச்சியில் இருக்கும் நிலைதான் 'இடைமாறு நிலை'. பழைய பிணைப்பு பாதி அறுந்து, புதிய பிணைப்பு பாதி உருவான தருணம் அது. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உள்ள உயர வித்தியாசம் கிளர்வு ஆற்றல். 1935இல் ஹென்றி ஐரிங்கும், தனியாக எவான்ஸ், போலன்யி இருவரும் இந்தப் படத்துக்குக் கணித வடிவம் கொடுத்தார்கள். அந்தக் கணிதப்படி, அறை வெப்பநிலையில் உயரம் 1.4 கிலோகலோரி குறைந்தால் வேகம் பத்து மடங்கு கூடும். இன்னொரு 1.4 குறைந்தால் நூறு மடங்கு. இது கூட்டல் கணக்கல்ல, பெருக்கல் கணக்கு. அதனால்தான் சின்னச் சின்ன நிலைப்படுத்தல்கள்கூட வேகத்தைத் தலைகீழாக மாற்றிவிடுகின்றன.

இங்கேதான் பலர் தடுமாறும் இடம் வருகிறது. 'நிலைப்புத்தன்மை' என்ற சொல்லைக் கேட்டதும் 'அப்படியென்றால் மெதுவாக வினைபுரியும்' என்றே மனம் போகும். மேல்நிலை வகுப்பில் மூவிணைய கார்பன் நேர்அயனிதான் அதிக நிலைப்புத்தன்மை உடையது, அதனால் அந்த வினை வேகமானது என்று மனப்பாடம் செய்த மாணவருக்கோ 'நிலைப்புத்தன்மை கூடினால் வேகம் கூடும்' என்று தோன்றும். இரண்டும் பாதி உண்மை. எது நிலைப்படுகிறது என்று கேட்காமல் எந்தப் பதிலும் சொல்ல முடியாது. உச்சியில் இருப்பதை நிலைப்படுத்தினால் உச்சி தாழும், வினை வேகமெடுக்கும். அடிவாரத்தில் இருப்பதை நிலைப்படுத்தினால் பள்ளம் ஆழமாகும். ஏற வேண்டிய உயரம் கூடி, வினை மந்தமாகும். இரண்டையும் ஒரே அளவில் தாழ்த்தினால் வேகம் மாறவே மாறாது.

மஸ்டர்டில் கந்தகம் செய்வது முதல் வகை. குளோரின் விலகும்போது கார்பனில் உருவாகும் நேர்மின் சுமையை அது பங்குபோட்டுக்கொள்கிறது. இதற்கு வேதியியலில் 'அண்டைத் தொகுதியின் பங்கேற்பு' என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி இறங்கி அவதிப்படுவதற்குப் பதில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போய்விடுவது மாதிரி. மலை அதேதான், பாதை வேறு.

தண்ணீருக்கும் இதில் பங்குண்டு. பிரியும் நேர், எதிர் மின்சுமைகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் சுற்றி நின்று தாங்குகின்றன. ஆனால், மஸ்டர்டு தண்ணீரில் எளிதில் கரையாது, லிட்டருக்கு ஒரு கிராம்கூட இல்லை. அதனால்தான் கரைந்தால் ஐந்து நிமிடத்தில் பாதியாகிவிடும் இதே பொருள், மண்ணுக்கடியிலும் கடலடியிலும் கிடக்கும் பழைய குண்டுகளுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கிறது.

1942: வேகம் தந்த நம்பிக்கை, வேகம் தந்த தொல்லை

மஸ்டர்டு தாக்கியவர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்துபோவதை 1919லேயே மருத்துவர்கள் எழுதிவைத்திருந்தனர். வேகமாகப் பெருகும் செல்கள்தான் முதலில் அடிவாங்குகின்றன. அப்படியென்றால் கட்டுக்கடங்காமல் பெருகும் வெள்ளணுப் புற்றுநோயை இதால் அடக்க முடியுமா?

இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மேன், ஆல்ஃபிரட் கில்மன் என்ற இரு மருந்தியலாளர்கள் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது கந்தகத்துக்குப் பதில் நைட்ரஜன் வைத்த உறவுக்காரச் சேர்மம். 1942 ஆகஸ்டில், நிணநீர்ப் புற்று முற்றிய ஒரு நோயாளிக்கு முதல் ஊசி போடப்பட்டது. சில நாட்களில் கட்டிகள் கரைந்தன. சில வாரங்களில் திரும்பி வந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் நோயாளி இறந்துவிட்டார். போர் ரகசியம் என்பதால் 1946இல்தான் முடிவுகள் அச்சில் வந்தன.

இத்தாலியின் பாரி துறைமுகத்தில் 1943 டிசம்பர் 2 அன்று நடந்த குண்டுவீச்சில், மஸ்டர்டு குண்டுகளை ரகசியமாக ஏற்றிவந்த 'ஜான் ஹார்வி' கப்பல் வெடித்ததும், அதில் பாதிக்கப்பட்டவர்களை ஸ்டூவர்ட் அலெக்ஸாண்டர் என்ற ராணுவ மருத்துவர் ஆராய்ந்ததும் அடிக்கடி சொல்லப்படும் கதை. கீமோதெரபியே அங்கேதான் பிறந்தது என்று எழுதுபவர்களும் உண்டு. தேதிகளைப் பார்த்தாலே போதும்: யேல் ஊசி ஓர் ஆண்டுக்கு மேல் முந்தியது. பாரி அந்த நம்பிக்கைக்கு வலு சேர்த்தது என்று சொன்னால் பொருந்தும்.

'மெக்ளோரெத்தமின்' என்ற நைட்ரஜன் மஸ்டர்டு 1949இல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. ஆனால் அதை வைத்துச் சமாளிப்பது பெரும்பாடு. நைட்ரஜனும் கந்தகம் போலவே தன் எலக்ட்ரான்களை நீட்டி மூன்று முனை வளையத்தைச் செய்துவிடும், அதுவும் ரத்தத்தில் கலந்த சில நிமிடங்களில். எனவே மாத்திரையாகக் கொடுக்க முடியாது. அமிலத்தோடு சேர்ந்த உப்பாக, உலர்ந்த பொடியாக வைத்திருப்பார்கள். அமிலத்தின் ஹைட்ரஜன் நைட்ரஜனின் எலக்ட்ரான் ஜோடியைப் பூட்டிவைத்திருக்கும்வரை அது சாது. கரைத்தால் கையோடு போட்டுவிட வேண்டும். ஊசி நரம்பைவிட்டு விலகி மருந்து சதையில் கசிந்தால், அந்த இடமே வெந்து புண்ணாகும்.

பால் பார்ட்லெட், கார்ட்னர் ஸ்வெய்ன் உள்ளிட்ட அமெரிக்க வேதியியலாளர்கள் போர்க்காலத்தில் செய்து 1940களின் இறுதியில் வெளியிட்ட வேக அளவீடுகள் ஒரு நுட்பமான வித்தியாசத்தைக் காட்டின. கந்தக மஸ்டர்டில் வளையம் உருவாவதுதான் தாமதமான படி; உருவானதும் உடைந்துவிடும். நைட்ரஜன் மஸ்டர்டில் வளையம் சற்று நிலைப்புள்ளது; கரைசலில் கொஞ்ச நேரம் சேர்ந்து நின்று, பிறகே தண்ணீரோடு வினைபுரியும். இடையில் வரும் பொருள் ஒன்று கொஞ்சம் நிலைப்பட்டாலே போதும், வேகத்தைத் தீர்மானிக்கும் படியே மாறிவிடுகிறது.

லண்டனில் பூட்டிய பிரேக்

வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் கொன்றுவிடக் கூடாது. லண்டனில் இருந்த செஸ்டர் பீட்டி ஆய்வு நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஹாடோ தலைமையில் இயங்கிய குழு இதற்குப் பிடித்த வழி, நைட்ரஜனோடு ஒரு பென்சீன் வளையத்தை நேராக இணைப்பது.

பென்சீன் வளையத்துக்கு அடுத்து நைட்ரஜன் வந்தால், அதன் தனித்த எலக்ட்ரான் ஜோடி தன் வீட்டில் மட்டும் தங்காது. வளையம் முழுக்கப் பரவும். பாடநூல்கள் இதை 'உடனிசைவு' என்கின்றன. அப்படிப் பரவியிருக்கும்போது மூலக்கூறின் ஆற்றல் குறைவு, அதாவது அடிவாரம் ஆழமாகிறது. உச்சிக்குப் போகும்போது என்னாகிறது? அங்கே அதே எலக்ட்ரான் ஜோடி கார்பனைப் பிடிக்கப் போயாக வேண்டும். வளையத்தோடு இருந்த உறவு முறிகிறது. அடிவாரத்தில் கிடைத்த சலுகை உச்சியில் கிடைப்பதில்லை. ஏற வேண்டிய உயரம் கூடுகிறது, நிமிடங்கள் மணிகளாகின்றன. கந்தகத்தில் எந்தத் தனித்த எலக்ட்ரான்கள் வேகத்தைக் கூட்டினவோ, அதே மாதிரி எலக்ட்ரான்களை வைத்தே இங்கே பிரேக் போடப்பட்டது.

எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதையும் கணக்கிட முடிந்தது. பென்சீன் வளையத்தின் மறுமுனையில் ஒட்டும் தொகுதி எலக்ட்ரானைத் தள்ளுகிறதா, இழுக்கிறதா என்பதைப் பொறுத்து வினைவேகம் எப்படி மாறும் என்பதற்கு லூயி ஹாமெட் என்ற அமெரிக்கர் 1937இல் ஒரு சமன்பாடு தந்திருந்தார். இந்தத் துறைக்கு 'இயற்பியல் கரிம வேதியியல்' என்ற பெயரை நிலைக்கச் செய்ததும் 1940இல் வந்த அவருடைய நூல்தான். மஸ்டர்டுகளிலும் அதே போக்கு தெரிந்தது. மறுமுனையில் மெத்தாக்ஸி இருந்தால் வேகம் கூடும்; நைட்ரோ இருந்தால் ஏறக்குறைய படுத்துவிடும்.

தண்ணீரில் கரைய வேண்டும் என்பதற்காக ஒரு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதியை வளையத்தில் நேரடியாக ஒட்டிப் பார்த்தபோது, அது எலக்ட்ரானை இழுத்து, மருந்தைப் பயனற்ற அளவுக்கு மந்தமாக்கியது. இடையில் சில கார்பன்களை வைத்துத் தள்ளிவைத்தால் இழுவை எட்டாது. மூன்று கார்பன் இடைவெளி விட்டுச் செய்ததுதான் 1953இல் வெளியான 'குளோராம்புசில்'. மாத்திரையாகவே விழுங்கலாம். வயிற்றையும் குடலையும் தாண்டி ரத்தத்துக்குள் போகும்வரை தாங்கும்.

மறு ஆண்டு அதே நிறுவனத்தில் பெர்கல், ஸ்டாக் இருவரும் அமிலத் தொகுதிக்குப் பதில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தையே சட்டமாக வைத்தார்கள். அதுதான் மெல்ஃபலான். மெலனின் நிறமியைச் செய்யும் பாதையில் ஃபினைல்அலனின் வருவதால் மெலனோமா என்ற தோல் புற்று இதை விரும்பி உள்ளே இழுக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அது பலிக்கவில்லை. பலித்தது மைலோமாவில்.

தப்பான கணிப்பு, சரியான மருந்து

இந்தக் குடும்பத்தில் இன்று உலகமெங்கும் அதிகம் புழங்கும் பெயர் சைக்ளோஃபாஸ்ஃபமைடு. மார்பகப் புற்று, நிணநீர்ப் புற்று, சிறுநீரகத்தைத் தாக்கும் லூபஸ் என்று இதன் எல்லை பெரியது. 1958இல் ஜெர்மனியின் ஆஸ்டா நிறுவனத்து ஆய்வாளர்கள் இதை வெளியிட்டபோது வைத்திருந்த யோசனை இது: நைட்ரஜன் பக்கத்தில் ஒரு பாஸ்பரஸ்-ஆக்ஸிஜன் தொகுதியைக் கட்டினால் அது எலக்ட்ரானை இழுத்து வைத்துக்கொள்ளும், மூலக்கூறு தூங்கும். புற்றுக்கட்டிகளில் அந்தக் கட்டை வெட்டும் நொதி அதிகம், எனவே கட்டிக்குள் போனதும் விழித்துக்கொள்ளும்.

முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தப்பு. எழுப்புவது கட்டி அல்ல, கல்லீரல். கல்லீரல் நொதிகள் ஆக்ஸிஜனேற்றிய பிறகு மூலக்கூறு படிப்படியாக உடைந்து வீரியமான மஸ்டர்டைத் தருகிறது. கூடவே 'அக்ரோலின்' என்ற எரிச்சலூட்டும் துணைப்பொருளும் வரும். அது சிறுநீர்ப்பையில் சேர்ந்து ரத்தம் கசிய வைக்கக்கூடும் என்பதால்தான் இந்த மருந்து எடுப்பவர்களிடம் செவிலியர்கள் "தண்ணி நல்லா குடிங்க, யூரினை அடக்காதீங்க" என்று விடாமல் சொல்கிறார்கள். அதிக அளவு கொடுக்கும்போது அக்ரோலினைப் பிடித்துவைக்க 'மெஸ்னா' என்ற மருந்தும் சேர்க்கப்படுகிறது.

உப்புத் தண்ணீரின் உதவி

மெல்ஃபலானை டிரிப்ஸில் ஏற்றும்போது சாதாரண உப்புக் கரைசலில்தான் கலக்கிறார்கள். உப்பிலுள்ள குளோரைடு இங்கே ஒரு வேலை செய்கிறது. மூன்று முனை வளையத்தைத் தண்ணீர் பிடிப்பதற்கு முன் குளோரைடு பிடித்தால், பழைய மூலக்கூறே திரும்பக் கிடைக்கும். உச்சியைத் தாண்டியவரை மறுபடி இந்தப் பக்கமே இறக்கிவிடுவது போல. கடல் நீரில் கரைந்த மஸ்டர்டு நன்னீரில் அழிவதைவிட மெதுவாக அழிவதும் இதே காரணத்தால்தான். போர்க்கால அளவீடுகளில் சேதமாகத் தெரிந்த ஒரு விஷயம், வார்டில் சாதகமாகிறது.

மருந்து உடலில் அதிக நேரம் நிற்காது என்பதையும் மருத்துவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அதிக அளவு மெல்ஃபலான் வாயின் உட்தோலைப் புண்ணாக்கிச் சாப்பிட முடியாமல் செய்யும். ஏற்றும் நேரத்தில் "ஐஸ் கட்டியை வாயில போட்டுக்கிட்டே இருங்க" என்றால், குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, வாய்க்கு மருந்து குறைவாகப் போகும். ரத்தத்தில் மருந்தின் அரை ஆயுள் ஒன்றேகால் மணி நேரம் என்பதால்தான் இந்த எளிய வைத்தியம் எடுபடுகிறது. நாள் முழுக்க நிற்கும் மருந்தாக இருந்தால் யாரால் ஐஸ் சப்பிக்கொண்டிருக்க முடியும்?

அந்த 60 நிமிடக் கெடுவும் இப்போது தளர்ந்திருக்கிறது. சர்க்கரை அலகுகளால் ஆன கிண்ணம் போன்ற சைக்ளோடெக்ஸ்ட்ரின் மூலக்கூறுக்குள் மெல்ஃபலானை உட்காரவைத்துச் செய்த வடிவத்துக்கு 2016இல் அமெரிக்க அங்கீகாரம் கிடைத்தது. கிண்ணத்துக்குள் இருப்பதைத் தண்ணீர் எளிதில் தொட முடியாது. நீர்த்த கரைசல் அறை வெப்பநிலையில் நான்கு மணி நேரம் தாங்கும்.

இதே குடும்பத்தின் இன்னொரு பிள்ளை 'பெண்டாமஸ்டின்'. 1960களில் கிழக்கு ஜெர்மனியில் பிறந்து, பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கமே பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 2008இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதையும் முதலில் பொடியாகத்தான் விற்றார்கள். பின்னர் தண்ணீர் இல்லாத கிளைக்கால் கரைப்பான்களில் கரைத்து, ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளும் திரவமாகவே வந்துவிட்டது. குளோராம்புசில், மெல்ஃபலான், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, பெண்டாமஸ்டின் நான்கும் இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன.